கடல் சுருங்கியது, மலை சுருங்கவில்லை

பதுளைக்கும் திருச்சிக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் ரயில் பாதையே மலையைச் சுற்றிச் சுற்றி 290 கிலோமீட்டர் ஓடுகிறது. அதைப் பார்த்தால் திருச்சி அப்படியொன்றும் தூரமில்லை.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து ஊவாத் தோட்டங்களுக்கு வேலைக்கு முதலில் வந்தவர்கள் அந்தத் தூரத்தைக் காலால் அளந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அதற்குப் பிறகு மலையேற்றம். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும் வழி எளிதானது. மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே ஆளை அனுப்பினார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். யாருக்குப் போய்ச் சேரவேண்டிய ஆள் என்பதற்கு அதுதான் அடையாளம். வழிச்செலவு தோட்டக் கணக்கில் ஏறும். தலைமன்னாரில் ரயில் ஏறி, பொல்காவலையில் மலைநாட்டுக் கோச்சிக்கு மாறவேண்டும். 1894இல் பண்டாரவளையைத் தொட்ட தண்டவாளம் பதுளைக்கு வந்துசேர மேலும் 30 ஆண்டுகள் பிடித்தது. பதுளை ஸ்டேஷன் திறந்தது 1924இல்.

வந்த வழியே திரும்பவும் நேர்ந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தப்படி இந்தியா திரும்பச் சொல்லப்பட்டவர்கள் பெட்டி படுக்கையோடு ஏறிய ரயிலை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. வழியனுப்ப வந்தவர்களும் அழ, போகிறவர்களும் அழ, அது மெதுவாகத்தான் நகர்ந்திருக்கும். எண்பதுகளில் யுத்தம் அந்தக் கப்பலையும் நிறுத்திவிட்டது.

இன்றைக்குக் கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஒரு மணிநேரத்தில் திருச்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஆட்டோ இறங்கி மெயின் ரோட்டைப் பிடிக்கவே முக்கால் மணிநேரம் போய்விடும். பிறகு பதுளை டவுன், அங்கிருந்து இரவு பஸ், விடிகாலையில் கொழும்பு, மறுபடியும் ஒரு பஸ். ஒரு மணிநேரப் பறப்புக்கு ஓர் இரவு முழுவதும் தரையில். ரயிலில் போனாலும் கொழும்புக் கோட்டைக்குப் பத்து மணிநேரம் வைத்துக்கொள்ள வேண்டும். தெமோதரையில் தண்டவாளம் ஒரு வட்டமடித்துத் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. சுற்றுலாப் பயணிக்கு அது வேடிக்கை, விமானம் பிடிக்கப் போகிறவனுக்கு அல்ல.

பக்கத்திலேயே விமான நிலையம் இல்லாமலும் இல்லை. 2013இல் திறந்த மத்தளைக்கு, எல்ல, வெல்லவாய வழியாக இறங்கினால், கட்டுநாயக்கவுக்கு ஆகும் நேரத்தில் பாதிதான். 2015இல் ஸ்ரீலங்கன் விமானங்கள் அங்கிருந்து விலகிக்கொண்டன. ஓடுபாதை இருக்கிறது, நமக்கு விமானம் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அங்கிருந்து திருச்சிக்கு விட்டால் ஊவா மாகாணத்தாருக்குக் கொழும்புப் பயணமே மிச்சமாகும். தோட்டப் பாதைகளுக்குத் தார் போடுவது அதைவிட அவசரம்.

அதுவரை, காலை விமானத்துக்கு முந்தின நாள் பின்னேரமே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். மழைக்காலமென்றால் மண்சரிவுக்கும் சேர்த்து இன்னும் அரைநாள் முந்துங்கள்.