பழசைக் கவர்ல போட்டுக் கொடுங்கண்ணே!

கார் வாங்கும்போது நாமெல்லோரும் எஞ்சினியர்கள்தான். மைலேஜ் என்ன, பிக்கப் எப்படி, ரீசேல் உண்டா என்று ஆபீஸ் கேன்டீனில் மேஜையைத் தட்டி வாதாடுவோம். அதே கார் நடுரோட்டில் நின்று, மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கட்டும்... கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி கை கட்டி நின்று விடுவோம். உள்ளேயிருந்து 'போச்சு' என்று ஓர் அசரீரி வரும். எது போச்சு, எதனால் போச்சு என்று கேட்க மாட்டோம். 'எவ்வளவு ஆகும்?' என்பதுதான் நம்முடைய ஒரே கேள்வி.

அந்த இடத்திலேயே பாதிக் கோட்டை விட்டாயிற்று!

நண்பர் ஒருவர் இப்படித்தான் கோட்டை விட்டார். ஊரும் பொருத்தமாக வல்லத்திராக்கோட்டை. ஆபீஸ் புதுக்கோட்டையில். மாதா மாதம் அம்மாவைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதற்காகவே செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினார். ஒருநாள் டெம்பரேச்சர் முள் உச்சிக்குப் போய்விட்டது. தெரிந்த மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போச்சு தம்பி" என்றார். மாற்றினார். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். பில்? "நமக்குள்ள எதுக்குண்ணே பில்லு!" என்று இவரே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த திருச்சிப் பயணம். கீரனூர் தாண்டியதும் பானெட்டிலிருந்து புகை. ஆயில் மூடியைத் திறந்தால் டிகாக்ஷன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில், பால் காபி நிறத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா புளியமரத்தடியில். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அம்போ!

பக்கத்து ஒர்க்ஷாப்பில் பிரித்துப் பார்த்தார்கள். எஞ்சின் அதிகமாகச் சூடேறினால், அலுமினியத்தாலான ஹெட் வளைந்துவிடும். ஸ்கேல் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமமாக்கிய பிறகுதான் புது கேஸ்கெட் போட வேண்டும். ஃபேஸிங் என்பார்கள். கோணல் ஹெட்டில் புது கேஸ்கெட்டைப் போடுவது, கோணல் வாசற்காலில் புதுக் கதவை மாட்டுகிற மாதிரி. நம்மவர் காரில் அந்த ஃபேஸிங் நடக்கவேயில்லை.

இரண்டாவது மெக்கானிக் எல்லாவற்றையும் சரி செய்தார். பழைய கேஸ்கெட் குப்பைக்குப் போனது. நண்பர் மீசையை முறுக்கிக்கொண்டு ஊர் திரும்பி, முதல் மெக்கானிக்கிடம் நியாயம் கேட்டார். பதில் மூன்றே வரியில் வந்தது:

"நான் மாட்டி விட்டப்ப நல்லாத்தானே ஓடுச்சு? தண்ணி இல்லாம ஓட்டியிருப்பீங்க. அதுவும் வேற ஒருத்தன் கை வச்சதுக்கு நான் எப்படித் தம்பி பொறுப்பு?"

யோசித்துப் பாருங்கள். வக்கீல் வைத்திருந்தாலும் இதைவிடச் சிறப்பாகச் சொல்லியிருக்க முடியாது. முதல் ரிப்பேர் தப்பு என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த எஞ்சின். இரண்டாவது ரிப்பேர் அந்தச் சாட்சியை அழித்துவிட்டது. மோசமான வேலையை நிரூபிக்க வேண்டுமென்றால், அடுத்தவர் கை வைப்பதற்கு முன்னால் நிரூபிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

எப்படி?

வண்டியை விடும்போதே ஒரு துண்டுச் சீட்டு. தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'கேஸ்கெட் மாற்றவும்' என்று எழுதாதீர்கள். 'வண்டி சூடாகிறது' என்று எழுதுங்கள். கேஸ்கெட் மாற்றச் சொல்லி அவர் மாற்றிவிட்டால், சொன்ன வேலை முடிந்தது! நாம் போவது பேஷன்ட்டாக. டாக்டர் வேலை அவருடையது.

கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பணத்தை ஜிபே மாதிரி கணக்கு நிற்கிற வழியில் கொடுங்கள். அச்சடித்த பில் இல்லையென்றால், நோட்டுத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால்கூடப் போதும்.

கோளாறு திரும்ப வந்தால் ஓட்டாதீர்கள். 'சூடானது தெரிந்தும் ஓட்டினார்' என்ற வாதத்தை நாமே தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பானேன்? போட்டோ எடுத்து, அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி செய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். பாதிக்குப் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். பிரேக் சமாச்சாரம் மட்டும் வேறு. பிரேக் வேலை பார்த்த பிறகு பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால், பைப்பில் காற்று இருக்கிறது, சரியாக ஏர் எடுக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். 'மெதுவா ஓட்டிப் போயிடலாம்' கூடவே கூடாது.

முதலாமவர் கை விரித்தால் இரண்டாமவரிடம் போங்கள். அவர் பிரிக்கப் பிரிக்கப் படம் எடுங்கள். என்ன பார்த்தார், என்ன செய்யாமல் விடப்பட்டிருந்தது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்பேனர் அதற்குப் பிறகு.

'பணம் வைத்தால்தான் சாவி' என்கிறாரா? பி.காமில் மெர்க்கன்டைல் லா பீரியடில் தூங்காதவர்களுக்கு ஞாபகமிருக்கும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170. ஒரு பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி, ஒப்புக்கொண்டபடி வேலை முடித்தவர், கூலி வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாம். வைரம் பட்டை தீட்டுகிற நகைக்காரரை அந்தச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. கராஜ் வாசலில் கத்துவதைவிட, 'வேலை சரியில்லை என்ற ஆட்சேபத்தோடு கொடுக்கிறேன்' என்று எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்பது புத்திசாலித்தனம். பிறகு திரும்பக் கேட்கலாம்.

எங்கே கேட்பது? 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில், 2020 ஜூலை 20 முதல் 2019-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் இருக்கிறது. ஒழுங்காகச் செய்யாத ரிப்பேர் 'சேவைக் குறைபாடு'. வெளியூரில் செய்த ரிப்பேருக்கும், நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் தரலாம். நம் நண்பருக்குப் புதுக்கோட்டையே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். ஆனால் குறையை நிரூபிக்க வேண்டியது நாம்தான். இன்னொன்று... மச்சான் ஓசியில் பார்த்துக் கொடுத்த ரிப்பேருக்கு இந்தச் சட்டத்தில் மருந்தில்லை. காசு கொடுத்தால்தான் நுகர்வோர்!

மெக்கானிக் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரிஜினல் ஸ்பேரும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குச் சுலபமாகக் கிடைக்காமல் செய்ததும் அதற்கு ஒரு காரணம். கருவி இல்லாதவர் காதை வைத்துக் கேட்டு, அனுபவத்தில்தான் சொல்வார். சில சமயம் தப்பும். தப்பைச் சரி செய்து தருகிறவரை விட்டுவிடாதீர்கள். அவர் கிடைப்பது அபூர்வம்.

நண்பர் கேஸ் போடவில்லை. எதை வைத்துப் போடுவது? இப்போது ஒரே டீக்கடையில் அவர் ஒரு பெஞ்ச், மெக்கானிக் எதிர் பெஞ்ச். ஏழெட்டு வருஷப் பழக்கம், பேச்சு வார்த்தை கிடையாது. சின்ன ஊரில் ஒன்பதாயிரத்து ஐந்நூறைவிட அது பெரிய நஷ்டம்.

சீட்டு கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரோ என்றுதான் நாம் தயங்குகிறோம். அந்தத் தயக்கம்தான் கடைசியில் முகம் பார்க்காத அளவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. சந்தேகப்படவே வேண்டாம். சிரித்துக்கொண்டே, "அண்ணே, கழட்டுன பழசை ஒரு கவர்ல போட்டுக் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். வேலை தெரிந்தவர் உடனே எடுத்துக் காட்டுவார், எதனால் போச்சு என்று பாடமும் நடத்துவார்.

"அதெல்லாம் எதுக்குத் தம்பி?" என்று தலையைச் சொறிகிறாரா? வண்டியில் சாவி இன்னும் நம் கையில்தானே இருக்கிறது!