சீமைக் கருவேலமும் கூட்டு முயற்சியும்

வீரபாண்டியிலிருந்து திருப்பூருக்குள் சென்று நொய்யலைக் கடப்போர் சீமைக் கருவேலத்தை அறியாதிருக்க இயலாது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1877-இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்டதென்பர். இதன் இனிய நெற்றுகளை ஆடுமாடுகள் தின்கின்றன. செரியாத விதை சாணத்தோடு அயலூரில் விழுந்து முளைக்கிறது. வெள்ளமும் விதைகளைச் சுமந்து செல்லும். தூரை விட்டு வெட்டினாலோ, முன்னிலும் அடர்ந்து துளிர்க்கும்! எனவே ஓரூர் மட்டும் களைவதால் பயனென்ன?

2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இவற்றை அகற்ற ஆணையிட்டது; அவ்வாண்டே அப்பணி நிறுத்திவைக்கப்பட்டது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுதற்கெனக் கொள்கை வகுத்தது. எனினும் இம்மரத்தின் விறகும் கரியும் ஏழையர் பலருக்குப் பிழைப்பாகும். அவர்களை விலக்கிவைத்து இப்பணி நிறைவேறாது. ஆற்றின் மேற்பகுதியினரும் கீழ்ப்பகுதியினரும் ஒரே பருவத்தில் வேரோடு அகழ்ந்து, அவ்விடத்தில் வேம்பும் புங்கமும் நடுதல் வேண்டும். தாமதித்தால் மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்த மழைக்கே முளைத்துவிடும்.