கட்டையில்லாப் பெட்டிக்குள் ஒரு முழு பாண்டு!

மேடைக்கு முன்னால் ஜோடி ஜோடியாக வால்ட்ஸ் ஆடுகிறார்கள். ஆடட்டும், வாங்க, நாம் மேடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்ப்போம்! டிரம்ஸ்காரர் எங்கே? பேஸ் கிட்டார் எங்கே? ஒருவரும் இல்லை! மடியில் அக்கார்டியனோடு ஒரே ஒருவர். பக்கத்து ஸ்டாண்டில் கட்டையே இல்லாத ஒரு பெட்டி. கச்சேரியே அவ்வளவுதான்!

இத்தாலியின் மார்க்கே வட்டாரத்தில் வால்ட்ஸ், போல்கா, மசுர்க்கா மூன்றையும் சேர்த்து 'லிஷோ' என்பார்கள். அங்கே காஸ்டெல்ஃபிடார்டோவில் பாவ்லோ சோப்ரானி 1863இல் அக்கார்டியன் பட்டறை தொடங்கினார். அருகிலுள்ள அங்கோனாவில்தான் கெட்ரான் நிறுவனம் பின்னணி பாண்டைத் தானே வாசிக்கும் இந்த 'அரேஞ்சர்' பெட்டிகளைச் செய்கிறது. அக்கார்டியனும் பெட்டியும் பக்கத்து ஊர்க்காரர்கள்!

பெட்டிக்குக் கட்டை எதற்கு? மிடி (மின்னிசைக் கருவிகள் தங்களுக்குள் பேசும் மொழி) வசதியுள்ள அக்கார்டியனின் இடதுகைப் பொத்தான் ஒன்றை அழுத்தினாலே முழு கார்டும், அதாவது சுரக்கூட்டும், கேபிள் வழியே பெட்டிக்குப் பாய்கிறது. மிடியில் ஒரு சுரத்தின் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். கார்டைப் பெட்டி கண்டுகொண்டதும் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அதற்கேற்ப மாறிவிடும். இன்னும் ஒரு ரகசியம்: பேஸ் வரிசையில் 'ஏ', கார்டு வரிசையில் 'சி மேஜர்', இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். 'ஏ மைனர் செவன்த்' வந்து நிற்கும்! அக்கார்டியனில் அதற்கென்று தனிப் பொத்தானே கிடையாது!

சரி, எந்தப் பெட்டி? ரோலண்ட் பிகே-7எம்மில் டிரம்ஸ் ஒவ்வோர் அடியாக மிடியில் ஒலிக்கிறது. டெம்போவை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் ஒலி பிசிறாது. போல்காவை வெறித்தனமாக விரட்டுகிறவருக்கு இதுதான். கெட்ரான் எஸ்டி40 வேறு ஜாதி. உண்மையான டிரம்ஸ்காரர் வாசித்துப் பதிந்த ஒலியையே டெம்போவுக்கேற்ப நீட்டிச் சுருக்கித் தருகிறது. மெதுவான வால்ட்ஸில் பிரஷ் தோலை உரசும் அந்தச் 'சர்ர்'... கேட்டால் சொக்கிப்போவீர்கள்! டெம்போவை ரொம்ப இழுத்தால் பதிந்த ஒலி கொஞ்சம் இளகும். அந்த உரசலுக்காக நான் அதைப் பொறுத்துக்கொள்வேன். திரையிலும் எஸ்டி40தான் முந்துகிறது: வண்ணத் தொடுதிரை, அரையிருட்டிலும் பாட்டின் பெயர் பளிச்சென்று தெரியும். பிகே-7எம்மின் சின்னத் திரையைக் குனிந்துதான் பார்க்கவேண்டும்.

இப்போது கீழே பாருங்கள், காலை! இரண்டு கையும் அக்கார்டியனில் மாட்டிக்கொண்டபின் இன்ட்ரோ, ஃபில், எண்டிங் எல்லாம் கால்வேலைதான். ரோலண்டுக்கு எஃப்சி-7 என்ற கால்பலகையில் 7 சுவிட்சு. கெட்ரானுக்கு 13 சுவிட்சு உள்ள பலகையே உண்டு! பெட்டி வாங்கப் போகிறவர் முதலில் இந்தப் பலகையை மிதித்துப் பார்க்கட்டும். பதின்மூன்றில் சரியான சுவிட்சைக் குனியாமலே தேடி மிதிக்கப் பழகியவருக்கு எஸ்டி40. ஏழே போதும் என்பவருக்கு பிகே-7எம்.