எடை எங்கே போய் இறங்குகிறது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் கனமான வண்டிகள் புதிதல்ல. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு இயந்திரங்கள் வரும். அங்கே செய்த லாரிகளும் இருசக்கர வண்டிகளும் வெளியூர் போகும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டிய கிரானைட் கற்கள் சங்கிலி கட்டிய டிரெய்லரில் ஊர்ந்து போகும். அப்படிப்பட்ட சாலையிலேயே 2019-இல் ஒரு வண்டியைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. அந்த வண்டிக்கு 240 சக்கரங்கள்!

அதன் மேல் படுத்திருந்தது ஒற்றைப் பாறையில் செதுக்கத் தொடங்கியிருந்த விஷ்ணு சிலை. மக்கள் கோதண்டராமர் சிலை என்றே அழைத்தார்கள். நீளம் சுமார் 64 அடி. எடை முந்நூறு டன்னுக்கு மேல். திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசிக்கு அருகே கொரக்கோட்டையில் 2018 டிசம்பரில் புறப்பட்டது. போய்ச் சேர வேண்டிய இடம் பெங்களூரு ஈஜிபுரா. சாதாரண லாரி ஒரே நாளில் ஓடிவிடும் தூரத்தைக் கடக்க அதற்கு ஆறு மாதம் ஆயிற்று. 2019 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது.

அத்தனை நாள் எதற்கு? இழுக்கப் பலம் போதவில்லையா? இழுக்கும் எஞ்சினை வாடகைக்கு எடுத்துவிடலாம். பெரும் தலைவலியாக இருந்தது வண்டிக்கு அடியில் இருந்தவை: சாலை, மண், பாலம். இந்தக் கதையை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஓர் இரும்புப் பெட்டகம் வந்து இறங்கினால், அங்கேயும் இதே கணக்குதான். பணம், நகை, பத்திரம் வைக்கிற அந்தப் பெட்டியைத்தான் பலர் லாக்கர் என்கிறார்கள். அது முந்நூறு டன் இல்லை. ஆனாலும் தரை டைல்ஸை உடைக்கும், விரலை நசுக்கும்.

முதலில், பெட்டகம் ஏன் இவ்வளவு கனம்? தடித்த இரும்புத் தகடு ஒரு காரணம். ஒரு கன மீட்டர் இரும்பு சுமார் 7,850 கிலோ. இன்னொரு காரணம் வெளியே தெரியாது. நல்ல பெட்டகத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சுவர் இருக்கும். நடுவில் கான்கிரீட் போன்ற கலவையை நிரப்பியிருப்பார்கள். துளைபோட வருகிறவனுக்கு அது தடை. தீப்பிடித்தாலோ வேறொரு வேலை செய்யும். இறுகிப்போன அந்தக் கலவைக்குள் கொஞ்சம் நீர் பிணைந்தே இருக்கிறது. சூடேறும்போது அந்த நீர் பிரிந்து ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். நெருப்பின் வெப்பத்தை அது விழுங்குவதால் உள்ளே இருக்கும் காகிதம் கருகாமல் கொஞ்ச நேரம் தப்பிக்கிறது. கனம் இருப்பதால் திருடன் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. அதாவது கனம் பெட்டகத்தின் குறை இல்லை. காசு கொடுத்து வாங்குவதே அந்தக் கனத்தைத்தான்.

சரி, 250 கிலோ பெட்டகம் ஒன்று வாசலில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியான எண். தரையில் அப்படியே வைத்துத் தள்ளிப் பாருங்கள். உராய்வு பிடித்துக்கொள்ளும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் அதை நகர்த்த நூறு கிலோவைத் தூக்கும் அளவுக்குப் பலம் வேண்டியிருக்கலாம். நாலு பேர் சேர்ந்து தள்ளலாமே என்பீர்கள். தள்ளலாம், ஆனால் நாலு பேரும் ஒரே நொடியில் தள்ள வேண்டும். நின்றுகொண்டிருக்கும் பொருளை அசைக்க, உராய்வின் உச்ச அளவை ஒரே முறையில் தாண்டியாக வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் நாலு பேரின் பலமும் தனித்தனியாக வீணாகும். "ஐலசா" என்று குரல் கொடுப்பது பாட்டுக்காக மட்டும் இல்லை. எல்லாருடைய பலத்தையும் ஒரே நொடியில் சேர்ப்பதற்காக. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் தொழிலாளர்கள் ஒன்றாக வேலை செய்வார்கள். பாரம் நகர்த்தும்போது எல்லார் காதும் ஒருவர் குரலுக்குத்தான் காத்திருக்கும்.

ஆனால் அனுபவமுள்ளவர்கள் தள்ளுவதில் தொடங்க மாட்டார்கள். கடப்பாரையில் தொடங்குவார்கள்.

கடப்பாரையின் நுனியைப் பெட்டகத்தின் ஓர் ஓரத்துக்கு அடியில் நுழைக்கிறார்கள். நுனியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கிறார்கள். கட்டையிலிருந்து கை பிடிக்கும் இடம் வரை 140 சென்டிமீட்டர். 140-ஐ 10-ஆல் வகுத்தால் 14. அதாவது கையின் பலம் நுனியில் 14 மடங்காகிறது. பெட்டகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்க, பாதி எடையான 125 கிலோவை எதிர்கொண்டால் போதும். 125-ஐ 14-ஆல் வகுங்கள். ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு! உங்கள் பள்ளிப் பையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இதற்கு ஒரு விலை உண்டு: கை 14 சென்டிமீட்டர் இறங்கினால்தான் பெட்டகம் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். நெம்புகோல் நமக்குப் பலத்தைக் கொடுத்துவிட்டுத் தூரத்தை வாங்கிக்கொள்கிறது.

எழும்பிய இடைவெளியில் இரும்புக் குழாய்த் துண்டுகளை நுழைத்துவிட்டால் பெட்டகம் இனி உராய்ந்து போகாது, உருண்டு போகும். அடியில் சமமான பலகை இருந்தால் பத்துப் பதினைந்து கிலோவைத் தூக்கும் பலமே தள்ளப் போதும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்தாறு பாடப்புத்தகங்களை நூலால் கட்டுங்கள். ஒரு ரப்பர் பேண்டை அதில் மாட்டி மேசைமேல் மெதுவாக இழுங்கள். புத்தகக் கட்டு நகரத் தொடங்கும் நொடியில் ரப்பர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, உருண்டையான பென்சில்கள் ஐந்தாறை அடியில் வைத்து இழுங்கள். ரப்பர் நீளும் அளவு எப்படிக் குறைகிறது பாருங்கள். இப்போது இன்னொன்றையும் கவனியுங்கள். இதைப் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். புத்தகம் 10 சென்டிமீட்டர் முன்னால் போகும்போது பென்சில் 5 சென்டிமீட்டர்தான் போயிருக்கும். பென்சிலின் அடிப்பகுதி மேசையைத் தொட்டு அந்த நொடி நிற்கிறது. மேல்பகுதி புத்தகத்தோடு போகிறது. பென்சிலின் நடுப்பகுதிக்குப் புத்தகத்தின் வேகத்தில் பாதிதான். அதனால்தான் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒருவர் அதை எடுத்து ஓடிப்போய் முன்னால் வைத்துக்கொண்டே இருப்பார். அந்த வேலைக்கு நிதானம் வேண்டும். குழாய் கோணலாக விழுந்தால் பெட்டகமும் கோணலாகத் திரும்பும்.

ரஷ்யாவில் இதையே மாபெரும் அளவில் செய்தார்கள். மன்னர் மகா பீட்டரின் சிலைக்குப் பீடமாக வைக்கச் சுமார் 1,250 டன் எடையுள்ள ஒரு பாறையை 1769, 1770 ஆண்டுகளில் கடற்கரைக்கு நகர்த்தினார்கள். குழாய்க்குப் பதில் வெண்கலக் குண்டுகள். தண்டவாளம் போன்ற பள்ளங்களில் குண்டுகள் உருள, மேலே பாறை நகர்ந்தது. கயிறு சுற்றும் உருளைகளைத் திருப்பி நானூறு பேர் இழுத்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் காத்திருந்த விதம். சேற்று நிலம் குளிர்காலத்தில் உறைந்து கெட்டியாகும் வரை பாறையை இழுக்கத் தொடங்கவில்லை. பாரத்தைப் பார்க்கும் முன் அடியில் இருக்கும் நிலத்தைப் பார்த்தார்கள்.

நம் 240 சக்கர வண்டிக்குத் திரும்புவோம். சிலை 300 டன் என்றே வைத்து 240-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு ஒன்றேகால் டன். வண்டியின் எடையையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். சாதாரண லாரியில் நான்கு டயர் உள்ள ஓர் அச்சின் மேல் 11.5 டன் வரை ஏற்றச் சட்டம் இடம் தருகிறது. டயருக்கு ஏறத்தாழ 2.9 டன். வியப்பாக இல்லையா? தினமும் ஓடுகிற லாரியின் டயரைவிட அந்த ராட்சத வண்டியின் டயர் குறைவாகத்தான் சாலையை அழுத்தியிருக்கிறது!

அப்படியென்றால் பாலங்களில் நேராகப் போயிருக்கலாமே? போகவில்லை. குருபரப்பள்ளி அருகே மார்க்கண்டேய நதியிலும், ஓசூருக்கு முன்னால் பேரண்டப்பள்ளியில் தென்பெண்ணையிலும் ஆற்றுக்குள்ளேயே மண் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டுத்தான் கடந்தார்கள். ஏன் என்று ஒரு நிமிடம் நீங்களே யோசியுங்கள்.

சாலைக்கும் பாலத்துக்கும் கேள்வி வேறு. மண்மேல் கிடக்கும் சாலை, "என் ஒரு சாண் இடத்தில் எவ்வளவு அழுத்துகிறாய்?" என்று கேட்கிறது. சக்கரங்களைக் கூட்டினால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். பாலமோ இரண்டு தூண்களுக்கு நடுவே அந்தரத்தில் நிற்கிறது. "என் மேல் மொத்தம் எவ்வளவு?" என்பது அதன் கேள்வி. சக்கரம் 240 ஆனாலும் 2,400 ஆனாலும் மொத்த எடை குறையாது.

வீட்டிலும் இதே இரண்டு கேள்விகள். தரைத்தளத்தில் டைல்ஸுக்கு அடியில் சிமெண்டும் மண்ணும் இருக்கின்றன. அங்கே ஓரிடத்து அழுத்தத்தைப் பார்த்தால் போதும். பெட்டகத்தின் நான்கு கால்களும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோதான். ஆனால் சாய்த்துத் திருப்பும்போது ஒரு மூலை மட்டும் தரையைத் தொட்டால்? ஒரே சதுர சென்டிமீட்டரில் 250 கிலோவும் இறங்கும். நூறு மடங்கு! டைல்ஸ் உடைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். தடித்த பிளைவுட் பலகையை விரித்து, அதன்மேல் நகர்த்துவது இதற்காகத்தான்.

மாடியில் வைப்பதானால் பாலத்தின் கேள்வியும் சேர்ந்துகொள்ளும். வீட்டு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது ஆட்கள், சாமான்களுக்காகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று இந்தியத் தர விதி கணக்கு வைக்கிறது. அது அறை முழுதும் பரவிய சுமைக்கான கணக்கு. பெட்டகமோ ஒரே மூலையில் குவிந்த சுமை. எங்கே வைப்பது நல்லது? 30 சென்டிமீட்டர் ஸ்கேலின் இரண்டு முனைகளையும் இரண்டு புத்தகங்கள் மேல் வைத்து, நடுவில் ஒரு பூட்டை வையுங்கள். ஸ்கேல் வளையும். அதே பூட்டை முனைக்கு அருகே நகர்த்துங்கள். வளைவு தெரியவே தெரியாது. மாடி அறையின் நடுவைவிட, அடியில் சுவரோ உத்தரமோ தாங்கும் ஓரமே பாதுகாப்பானது. இருந்தாலும் பெரிய பெட்டகம் என்றால் வீடு கட்டிய பொறியாளரைக் கேட்காமல் மாடிக்கு ஏற்றவே கூடாது.

வாசற்படியில் ஏற்றுவது இன்னொரு கட்டம். மூன்று படி, மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம். நாலரை மீட்டர் பலகையைச் சாய்வாகப் போட்டால், நீளம் உயரத்தைப் போல் பத்து மடங்கு. 250 கிலோவை நேராகத் தூக்குவதற்குப் பதில் 25 கிலோ அளவு பலமும், உருளைகளுக்கு இன்னும் கொஞ்சமும் போதும். சாலையிலும் இதே கணக்குதான்: கிருஷ்ணகிரியைவிட ஓசூர் ஏறத்தாழ 400 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. மேலுமலை வழியாக ஐம்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை அந்த ஏற்றத்தைப் பரப்பிக் கொடுப்பதால்தான் சிலை வண்டியும் ஏற முடிந்தது. சரிவில் ஏற்றும்போது ஒவ்வொரு அடிக்கும் பின்னால் முட்டுக்கட்டை வைத்துக்கொண்டே வர வேண்டும். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்திருந்தால் முட்டுக்கட்டை போடுகிறவரின் கை வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சிறிய மரத்துண்டு அவ்வளவு பெரிய தேரையே நிறுத்திவிடும்.

பெட்டகம் இடத்தில் நின்றபிறகு ஒரு வேலை பாக்கி: அதைச் சுவரோடு பிணைப்பது. பெட்டகத்தின் கதவு தடித்தது, உள்ளே காலி இடம். அதனால் எடையின் மையம் முன்பக்கம் தள்ளியிருக்கும். கதவைத் திறந்தால் இன்னும் முன்னால் வரும். அந்த மையத்திலிருந்து நேர்கீழே வரும் கோடு கால்களுக்கு வெளியே போனால் பெட்டகம் முன்னால் சாயும். காலியான சிறு பெட்டகத்துக்கும், துணி நிறைந்த அலமாரிக்கும் இந்த ஆபத்து உண்டு. இழுப்பறைகளைப் படி போல ஏறும் குழந்தைகள் மீது அலமாரி விழுந்த விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பாரம் நகரும்போது அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்று பாருங்கள். சரிவில் ஏற்றினால் கீழ்ப்பக்கம் நிற்கவே நிற்காதீர்கள். எது உருண்டு விழுந்தாலும் எடுக்கக் கையை அடியில் நீட்டாதீர்கள். இரண்டாவது இன்று மாலையே செய்யக்கூடியது: உங்கள் வீட்டுப் பெட்டகமும் பீரோவும் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லி, துளை போடத் தெரிந்தவரை வரவழைத்துப் பிணைக்கச் சொல்லுங்கள்.