பிறழாத சாட்சிகள்

துப்பறியும் நூலகம் – 9

சென்ற வாரம் மோடியின் மருத்துவ நீதி நூலைப் பார்த்தோம். 1920-ல் முதல் பதிப்பு வந்த அந்த நூலை, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய எழும் வக்கீல்கள் இன்றும் கையில் எடுக்கிறார்கள். இதற்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. அறிவியல் சம்பந்தப்பட்ட விஷயங்களில் தகுந்த நூல்களின் துணையை நீதிமன்றம் நாடலாம் என்றது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 57-வது பிரிவு. நூலை எழுதிய நிபுணர் இறந்துவிட்டிருந்தால், அவருடைய கருத்துக்கு அந்த நூலையே சான்றாகத் தாக்கல் செய்யலாம் என்றது 60-வது பிரிவு. ஆசிரியர் மறைந்த பிறகும் அவர் புத்தகம் நீதிமன்றத்தில் பேசலாம் என்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும் ஏற்பாடு.

இந்த வாரம் அதைவிடப் பழைய நூல் ஒன்று. ஹான்ஸ் கிராஸ் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக்காரர், குற்ற வழக்குகளைப் புலனாய்வு செய்யும் நீதிபதியாக இருந்தவர். சட்டப் படிப்பு சொல்லித் தராத ஆயிரம் விஷயங்கள் கொலை நடந்த வீட்டின் வாசலில் தேவைப்படுவதைக் கண்டு, அவற்றையெல்லாம் திரட்டி 1893-ல் ஒரு கையேடு வெளியிட்டார். ஜெர்மன் மொழியில் இருந்த அந்த நூல் ஆங்கிலமாகி வெளிவந்த ஊர் எது தெரியுமா? நம்முடைய சென்னை. 1906-ல், இங்கே அரசு வழக்கறிஞர்களாக இருந்த ஜான் ஆடம், ஜே. காலியர் ஆடம் இருவரும் அதை இந்திய நடைமுறைக்கு ஏற்ப மாற்றி மொழிபெயர்த்தார்கள். லண்டன் பதிப்புகள் பிறகுதான் வந்தன. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-ல் அமைந்ததும் சென்னையில்தான். தடய அறிவியலை மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்து இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காலடித் தடம், ரத்தக் கறை, ஆயுதம், சம்பவ இடத்தை வரைபடமாக்கும் முறை என்று கிராஸ் தொடாத பொருள் இல்லை. விசாரணை அதிகாரி எடுத்துச் செல்ல வேண்டிய பைக்கே ஒரு பட்டியல் உண்டு. அளவு நாடா, மெழுகுவர்த்தி, தடத்தை அச்செடுக்கச் சுண்ணத்தூள், இவற்றோடு மிட்டாய்! பயந்து நிற்கும் குழந்தையைப் பேச வைக்க வேண்டுமே. நேரில் கண்டதைத்தான் அவர் எழுதியிருக்கிறார் என்பதற்கு அந்த மிட்டாய் ஒன்றே எனக்குப் போதும்.

ஆனால் நூலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மனிதரின் சாட்சியத்தை அவர் ஒதுக்கவில்லை. சாட்சியை விசாரிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இருந்தும், கண்ணால் கண்டவரின் நினைவு மங்கும், அச்சமும் ஆசையும் அதைத் திரிக்கும், ஆகவே சம்பவ இடத்தில் கிடக்கும் பொருளை முதலில் பற்றிக்கொள் என்பதே அவருடைய ஓயாத அறிவுரை. இது எவ்வளவு மெய் என்று பார்க்கக் காஞ்சிபுரம் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், வெடித்தது என்ன, எங்கிருந்து வெடித்தது என்று கூறக்கூடிய நிலையில் யாரும் இல்லை. மிக அருகில் நின்றவர்கள் இறந்துவிட்டார்கள். தள்ளி நின்றவர்கள் கண்டது புகையும் ஓட்டமும்தான். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி.சந்திரசேகரன் அங்கே கிடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சேகரித்தார். கிழிந்த டெனிம் துணி, ஒயர், பேட்டரி, சிறு எஃகு குண்டுகள், சிதறிய உடற்பாகங்கள். துணித் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தபோது அது இடுப்பில் கட்டும் வெடிகுண்டு என்று தெரிந்தது. ஒரு பெண்ணின் தலையும் கை கால்களும் கிடைத்து நடு உடல் மட்டும் இல்லாமல் போனது, அதைக் கட்டியிருந்தவர் யார் என்பதைக் காட்டியது. அங்கேயே இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா உடையாமல் கிடைத்தது. அதில் 10 படங்கள். மாலையோடு காத்து நிற்கும் அந்தப் பெண்ணின் முகம் விசாரணைக்குக் கிடைத்தது அந்தப் படச்சுருளிலிருந்துதான். சந்திரசேகரன் பின்னர் இந்த ஆய்வை ஆங்கிலத்தில் தனி நூலாகவே எழுதினார். நம் மண்ணில் நடந்த புலனாய்வைப் பற்றிய நூல்களில் நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வழக்கில் தண்டனைக்குப் பெரிதும் ஆதாரமானவை தடா சட்டத்தின் கீழ் பதிவான வாக்குமூலங்கள். அவற்றைப் பற்றிய விவாதம் நியாயமானது. நான் பேசுவது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பொருள்கள் சொன்ன விடையை எந்த நீதிமன்றத்திலும் யாராலும் அசைக்க முடியவில்லை.

இனி காஞ்சி நகருக்குள்ளேயே வருவோம். 2004 செப்டம்பர் 3. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் மேலாளர் சங்கரராமன், கோயில் வளாகத்தில் இருந்த அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சங்கராச்சாரியார்கள் இருவரும் கைதானதால் நாடே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 189 பேர். அவர்களில் 83 பேர் பிறழ் சாட்சிகள் ஆனார்கள். அப்ரூவராக மாறியவரே தன் வாக்குமூலத்திலிருந்து விலகினார். கொலையாளிகளை அடையாளம் காட்ட இறந்தவரின் குடும்பத்தாராலும் முடியவில்லை. 2013 நவம்பர் 27 அன்று, வழக்கில் எஞ்சியிருந்த 23 பேரும் விடுதலையானார்கள்.

தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு எவரையும் தண்டிக்கக் கூடாது. சாட்சிகளையும் நான் பழிக்க மாட்டேன். ஒன்பது ஆண்டுகள் கோர்ட்டுக்கு அலைவது என்றால் என்ன என்று அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு மனிதர் பட்டப்பகலில் தன் நாற்காலியில் வெட்டப்பட்டார். அவரை வெட்டியது யார் என்பதற்குச் சட்டத்திடம் இன்றுவரை விடை இல்லை. வழக்கின் பாரம் முழுவதும் மனிதர்களின் வாய்மொழி மேல் இறங்கும்போது, அந்த வாய் மூடிக்கொண்டால் தாங்க வேறொன்றும் இல்லை. ஹான்ஸ் கிராஸ் அஞ்சியது இதைத்தான்.

பொருளைச் சோதித்து உண்மை அறிவது காஞ்சிக்காரர்களுக்குப் புதிது அல்ல. பட்டுச் சேலை வாங்குகிறவர் சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று எக்ஸ் கதிர் கருவியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற ஊர் இது. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் புதிதாகச் செய்த சோமாஸ்கந்தர் சிலையில் சொன்னபடி தங்கம் சேர்க்கப்பட்டதா என்ற புகார் எழுந்தபோது, சென்னை ஐஐடி நிபுணர்கள் வந்து உலோகத்தைச் சோதித்தார்கள். சிலைக்கும் சேலைக்கும் கிடைக்கிற இந்த அக்கறை, சாதாரண மனிதர் ஒருவரின் கொலை வழக்கிலும் முதல் மணி நேரத்திலேயே கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் நிபுணர் வந்து சேரும்வரை அந்த இடத்தைக் காத்து நிற்கப் போகிறவர் நம் ஊர் ஸ்டேஷனின் ஏட்டும் எஸ்.ஐ.யும்தான். எதைத் தொடக் கூடாது, ஈரமான ரத்தத் துணியை ஏன் பிளாஸ்டிக் பையில் அடைக்கக் கூடாது, கூட்டத்தை எந்த வழியாக விலக்க வேண்டும் என்பதையெல்லாம் எளிய தமிழில் சொல்லும் ஒரு கையேடு, எஃப்.ஐ.ஆர். புத்தகத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 1906-ல் இரண்டு வக்கீல்கள் சென்னையில் உட்கார்ந்து செய்த வேலையை இன்று தமிழில் செய்ய ஓர் அரசுத் துறையால் முடியும்.

(அடுத்த வாரம்: 1897-ல் கல்கத்தாவில் பிறந்த கைரேகைக் கூடமும், அதிலிருந்து விளைந்த நூலும்)