பச்சை குத்திய புண் ஆறும் வகை

பச்சை குத்துதல் நம்மவர்க்குப் புதியதன்று. மேற்றோல் ஓயாது உதிர்வதாகலின், ஊசி அதனைக் கடந்து கீழுள்ள தோற்படையில் மையைச் சேர்க்கின்றது. ஆகவே, அழகுக்காகச் செய்யினும் அது முதலில் ஒரு புண்ணேயாம்.

முதல் 2, 3 நாட்கள் சிவப்பும் வீக்கமும் நீர்க்கசிவும் காணப்படும். பின்னர்த் தோல் உரியும், அரிப்பும் எடுக்கும். உரியும் தோலில் நிறங்கண்டு அஞ்சவேண்டா. நிலைக்கவேண்டிய மையைக் கீழ்ப்படையின் கலங்கள் விழுங்கி வைத்திருக்கின்றன. ஆனால், பொருக்கைப் பிடுங்கினால் சித்திரம் சிதையும்.

மென்மையான சவர்க்காரமிட்டுக் கழுவுதல் நன்று. வெயிலும் கடற்குளிப்பும் ஆகா. மேற்புறம் ஆற 2 முதல் 4 கிழமைகள் செல்லும். உட்புறம் ஆறச் சில மாதங்களாகலாம்.

நாட்செல்லச் சிவப்பும் நோவும் குறைதல் வேண்டும். மாறாக அவை பெருகினாலோ, சீழோ காய்ச்சலோ தோன்றினாலோ, அன்றே வைத்தியரை நாடுக.