கோப்பித் தோட்டத்திலிருந்து கண்டாவளைக்கு

வயலும் பனையும் நிறைந்த இந்தக் கிளிநொச்சித் தாழ்நிலத்தில் கோப்பித் தோட்டங்கள் இல்லை. ஆனால் கண்டாவளைப் பிரிவில் வாழும் பல குடும்பங்களின் இலங்கை வரலாறு மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில்தான் தொடங்குகிறது.

1830கள் முதல் கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் பெயரைக்கூட எவரும் எழுதிவைக்கவில்லை. இது பெரும் அநீதி.

1869இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடிபோலப் படிந்த துருநோய், இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்களை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தமிழருக்கு எதிரான 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் தோட்டத் தொழிலாளரின் சந்ததியார் பலர் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறினார்கள். கண்டாவளைப் பிரிவிலுள்ள தருமபுரத்திலும் அவர்களின் குடும்பங்கள் உண்டு.

இங்குள்ள வீடுகளில் கோப்பிக்கொட்டையை மல்லி, வேர்க்கொம்புடன் தாச்சியில் வறுத்து, உரலில் இடித்து அரித்தெடுப்பார்கள். பனங்கட்டியைக் கடித்தபடி வெறுங்கோப்பி குடிப்பது வழக்கம்.

உங்கள் வீட்டு முதியவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள், பெயர்களோடு எழுதிவையுங்கள்.